பள்ளத்துக்குள் ஓடும் பேனை

விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய கையோடு பிள்ளைக்கு ஒரு 'மஜிக் கொப்பி' வாங்கிக் கொடுக்கும் பழக்கம் வன்னிக்கும் வந்துவிட்டது. எழுத்துகள் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். பேனை அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். சற்று நேரத்தில் மை மறைந்துவிடும், திரும்பவும் எழுதலாம். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் முன்னோரின் முறைதான் இப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். அந்த நியாயத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நன்மை இல்லாமல் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டால் 2022இல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. ஒரே கொப்பியில் பல தரம் எழுதலாம் என்பது சின்ன விடயமல்ல. உப்பளத்தில் வெயிலில் நின்றுவிட்டு வரும் தாய்க்குப் பிள்ளையின் கைபிடித்து எழுதுவிக்க நேரமும் இராது, தெம்பும் இராது. விரல்களில் பலம் குறைந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளம் ஒரு பிடிமானம்தான்.

ஆனால், மணலில் முதலே பள்ளம் கிடையாது. பிள்ளையின் விரல்தான் அதைக் கீறுகிறது. எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் வளைப்பது, எங்கே நிறுத்துவது எல்லாம் பிள்ளையின் பொறுப்பு. பிழைத்தால் அளைந்துவிட்டு மறுபடி எழுதும். கொப்பி இந்தப் பொறுப்பை முழுதாகப் பறித்துவிடுகிறது. தண்டவாளத்தில் ஓடும் யாழ்தேவிக்கு ஆனையிறவுக்கு வழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. புள்ளிக்கோட்டுக் கொப்பிகள் மீதும் எனக்கு நெடுநாளாக இருக்கும் முறைப்பாடு இதுதான்.

'ட' எழுதும் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். மேலிருந்து கீழிறங்கி வலப்பக்கம் போக வேண்டும். பள்ளத்துக்குள் பேனையை வைத்த பிள்ளை வலது ஓரத்தில் தொடங்கி, இடப்பக்கம் வந்து, மேலே ஏறும். எழுதி முடிந்த 'ட'வில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ரீச்சரும் சரி போட்டுவிடுவார். 'டி' எழுதும் நாளில்தான் சிக்கல் வெளிப்படும். விசிறி எழ வேண்டியது அடிக்கோட்டின் வலது முனையிலிருந்து, பிள்ளையின் பென்சிலோ இடது மேல் நுனியில் நிற்கும். கையை எடுத்து, இடம் தேடி, ஒட்டுப்போட வேண்டும். 'ண'வும் அப்படித்தான். பள்ளத்தில் மூன்று சுழியும் பிசகாமல் விழும். வெறும் தாளைக் கொடுத்தால் இரண்டோடு நிற்கும், இல்லையென்றால் நான்காகும். சுழியை எண்ணும் வேலையை அதுவரை தாள்தான் செய்து வந்தது.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ், லோரா ஏங்கல்ஹார்ட்டுடன் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளியின் மேல் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பின்னர் அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, வாசிப்புக்கு உதவும் பகுதிகள் துலக்கமாக இயங்கியது தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். அது ஆங்கில எழுத்து, தமிழுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். சுழியும் வளைவும் கொம்பும் நிறைந்த தமிழுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இருந்தும் முன்பள்ளிக் கண்காட்சி மேசைகளில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற பக்கங்களுக்குத்தான் பாராட்டு. அந்தப் பக்கங்களில் பிள்ளையின் எழுத்து எங்கே இருக்கிறது? இருப்பது கொப்பி செய்த தொழிற்சாலையின் எழுத்து. போரில் பள்ளிக்கூடம் இழந்த பெற்றோர் தம் பிள்ளை வெள்ளென எழுதிவிட வேண்டுமென்று தவிப்பது எனக்கு விளங்குகிறது. அந்தத் தவிப்புக்குப் பொய்யான எழுத்தைக் காட்டி ஆறுதல் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கண்டாவளையிலும் பச்சிலைப்பள்ளியிலும் மணலுக்குப் பஞ்சமில்லை. ஒரு தட்டில் மணலைப் பரப்பிப் பிள்ளையின் முன் வையுங்கள். ஒரு எழுத்தை மெதுவாக எழுதிக் காட்டி, அழித்துவிட்டு, பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பென்சிலுக்கு மூன்று வயதில் அவசரமில்லை. முதல் மாதங்களில் எழுத்து கோணலாகத்தான் வரும். அந்தக் கோணல் பக்கங்களையும் கண்காட்சி மேசையில் வைக்கும் துணிவு முன்பள்ளிகளுக்கு வேண்டும்.