செய்திப்படமும் முதற்பொருளும்

செய்திப்படத்தின் சிறப்பை அது வந்த விரைவால் மட்டும் அளப்பது இற்றை நாளில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு ஆராய்தற்குரியது.

சிங்கப்பூரில் 1963இல் தொலைக்காட்சி தோன்றியபோது, உலகெங்கும் செய்தியாளர்க்கு 16 மில்லிமீட்டர் படச்சுருளே துணை. அதனைக் கழுவிய பின்னரே காட்சி புலப்படும். பின்னர் வந்த வீடியோ நாடா அக்காத்திருப்பை ஒழித்தது. எனினும், கேமராவும் பதிவுப்பெட்டியும் தனித்தனியாய், கம்பிவடத்தால் பிணைக்கப்பட்டிருந்தன. 1982இல் சோனியின் பீட்டாகேம் இரண்டையும் ஒன்றாக்கித் தோளில் ஏற்றியது.

கருவி எளிதாயிற்று, அதனை அமைக்கும் நெறி மாறவில்லை. முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்துதல், அவ்விடத்து ஒளியில் வெள்ளைத்தாளைக் காட்டி நிறத்தை நேர்செய்தல், ஒலிவாங்கியில் வருவதைக் காதால் கேட்டறிதல் ஆகிய மூன்றும் இன்றும் வேண்டும். முதலாவது தவறின் கட்டடம் சாயும். இரண்டாவது தவறின் முகம் நீலமோ மஞ்சளோ பூக்கும். மூன்றாவது தவறின் பேச்சு இரைச்சலில் மறையும்.

எதனை முதலில் காட்டுவது? நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அதன்பின் கருப்பொருள், உரிப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வரிசையில் ஒன்றினும் ஒன்று சிறந்தது. உரிப்பொருளே தலையாயது; அதனாலேயே அது இறுதியில் நிற்கிறது.

1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையில் ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்ட் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் இடிந்து வீழ்ந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் மீட்கப்பெற்றனர். அத்தகைய இடத்தில் அழும் முகத்தை மட்டும் அண்மையில் காட்டினால், அத்துயர் யாருக்கும் உரியதாகாது, வெறும் காட்சிப்பொருளாகும். சாலையையும் பொழுதையும் காட்டி, இடிபாட்டையும் அதனுள் வழி தோண்டிய எம்ஆர்டி சுரங்கப் பணியாளரையும் காட்டிய பின் அம்முகம் வருமாயின், ஒரு தெருவின் துயரம் அங்கே பேசும்.

முக்காலி விரிப்பதற்குள் நிகழ்ச்சி கடந்துவிடுமே என்பர். உண்மையே. ஓடும் நிகழ்ச்சியைத் தோளிலிருந்தே எடுக்கலாம்; அது தவறன்று. பின்னரேனும் முதற்பொருளைப் பதிந்து, தொகுப்பில் முன்வைத்தல் இயலும். அதனைப் பதியாமலே திரும்புவதுதான் தவறு.

திணைப்பாடம் நடத்தும் தமிழாசிரியர் முந்தைய இரவின் செய்திப்படம் ஒன்றை வகுப்பில் காட்டி, முதல், கரு, உரி முறையே வந்தனவா என வினவலாம். இலக்கணம் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதை மாணாக்கர் தாமே காண்பர்.