அலமாரிகளுக்கு நடுவே ஒரு மாலை

1921 டிசம்பர் 7. பாரிஸின் ஓதியோன் தெருவில், அத்ரியன் மோனியே நடத்திய புத்தகக் கடையில் அன்று மாலை நெருக்கியடிக்கும் கூட்டம். இன்னும் புத்தகமாக வராத ‘யுலிஸிஸ்’ நாவலைப் பற்றி எழுத்தாளர் வலேரி லார்போ பேசினார். அதை எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸோ கூச்சத்தில் ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைந்திருந்தார்.

கடைக் கூட்டத்தின் அழகே அந்த நெருக்கம்தான். மேடை இல்லை, தூரம் இல்லை. எழுத்தாளர் மூச்சு விடுவதும் பக்கம் புரட்டுவதும் கேட்கும். பேச்சு முடிந்ததும் கையெட்டும் தூரத்தில் புத்தகம்.

மோனியேயின் கடைக்கு எதிர்வாடையில் இருந்தது சில்வியா பீச்சின் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’. 1922 பிப்ரவரியில் ‘யுலிஸிஸ்’ நாவலைப் புத்தகமாகப் பதிப்பித்தது அந்தக் கடைதான். 1930களில் வியாபாரம் படுத்து, கடையை மூடும் நிலை வந்தது. எழுத்தாளர் ஆந்திரே ழீத் உள்ளிட்ட நண்பர்கள் சங்கம் அமைத்தார்கள். ஆண்டுக்கு 200 பிராங்க் கட்டியவர்கள் எழுத்தாளர்களே வந்து வாசிப்பதைக் கேட்கலாம். ழீத் வாசித்தார், பால் வலேரி வாசித்தார், லண்டனிலிருந்து டி.எஸ். எலியட் வந்தார். 1937இல் ஹெமிங்வேயும் ஸ்டீபன் ஸ்பெண்டரும் ஒரே மாலையில் வாசித்தார்கள். அந்த மாலைகள் கடையைக் காப்பாற்றின.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1941இல் கடை மூடப்பட்டது.

பின்னர் ஜார்ஜ் விட்மன் என்பவர் 1951இல் சேன் நதிக்கரையில் வேறொரு கடை திறந்தார். 1964இல் அதற்குப் பீச்சின் கடைப் பெயரையே சூட்டினார். நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் நிற்கும் அந்தக் கடையில் எழுத்தாளர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.