காதுச் சத்திரசிகிச்சையும் கைச்சிக்கனமும்

காதுச் சத்திரசிகிச்சை என்றால் இந்தியாதான், இலங்கையில் உபகரணமும் இல்லை அனுபவமும் இல்லை என்ற பேச்சு நம்மவர் வாயிலேயே அடிக்கடி வருகிறது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால், செலவில்லாமல் உபகரணத்தைக் கையாளும் விடயத்தில் அந்தத் தீர்ப்பு அவசரமானது. செவிப்பறையை ஒட்டும்போது வைத்தியரின் கண் நுணுக்குக்காட்டியில் இருக்கும்; அக்கரையில் அதையே நுண்ணோக்கி என்பர். இடக்கையில் சக்சன் குழாய். வலக்கையில் கொக்கி, வளைகத்தி, முதலைவாய் போன்ற நுண்குறடு என்று மாறிமாறி வரும். இங்கே பயன்தரும் உத்திகள் பலவற்றுக்குக் காசே வேண்டாம். சின்னவிரலை நோயாளியின் தலையில் ஊன்றினால் நடுக்கம் அடங்கும். வேலைசெய்யும் கோணத்திலேயே தாதி உபகரணத்தைக் கையில் வைத்தால் கண்ணை எடுக்கத் தேவையில்லை. இடைக்கிடை தண்ணீரை உறிஞ்சவிட்டால் மெல்லிய குழாயில் இரத்தம் உறைந்து அடைக்காது. ஒவ்வொரு நுனிக்கும் சிலிக்கன் குழாய்த் துண்டொன்றை மாட்டி வைத்தால் தட்டில் உரசி மழுங்காது.

இவை இந்தியாவிலும் தெரிந்தவைதான். ஆனால், உள்நாட்டிலேயே மலிவாக உபகரணம் செய்யும் நாட்டில் மழுங்கியதை மாற்றுவது எளிது. இறக்குமதியை நம்பி, சுகாதார அமைச்சின் வழங்கலுக்காகக் காத்திருக்கும் நமது அரச வைத்தியசாலையில் ஒரு கொக்கி வளைந்தாலும் இழப்புத்தான். அதனால் பேணுதல் இங்கே தனிமனித குணமல்ல, கட்டாயம். தமிழ்நாட்டிலும் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி மொத்தக் கொள்முதலால் சிக்கனம் நடக்கிறதே என்று கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில், அதே மொத்தக் கொள்முதலுக்கான நமது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971லேயே வந்துவிட்டது.

வறுமையைப் பெருமையாக்குகிறீர்கள் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. 2022 மார்ச்சில் பேராதனை வைத்தியசாலையில் மருந்தின்றிச் சத்திரசிகிச்சைகள் நின்றபோது உதவ முன்வந்தது இந்தியாதான். அதை மறப்பது நன்றிகேடு. பற்றாக்குறைக்குச் சிக்கனம் என்று பெயர் வைக்கவும் கூடாது: ஒருதரம் பாவிக்கும் ஊசியைக் கழுவி இன்னொருவருக்குப் பாவிப்பது சிக்கனமல்ல, ஆபத்து. நுனியைக் காப்பதும் கையை ஊன்றுவதும் வேறு. உபகரணம் குவிந்து கிடந்தாலும் அவை தேவை. நோயாளர் பெருக்கமும் காதைத் தாங்கும் நெற்றிப்பொட்டு எலும்பில் பயிலும் கூடங்களும் அங்கே கூடுதல். நமது இளம் வைத்தியர்கள் இந்தியாவிடம் பெறவேண்டியது அந்தப் பயிற்சி வாய்ப்பை. உபகரணம் பேணும் பழக்கத்தை அல்ல.