மடலேறுதலும் மனமிசைதலும்

மதுக்கரையிலே எம்மிடந் திருக்கோவையார் பாடங் கேட்டுவரும் மாணாக்கர் ஒருவர், மடற்றிறம் ஓதுங்கால் ஐயமொன்று நிகழ்த்தினர். "ஐயா, இசையாத பெண்ணை விடாது பின்றொடர்ந்து, உயிர் துறப்பேன் என்று அச்சுறுத்தி இசைவித்தலை இக்காலத்துத் திரைப்படங்கள் சில காதல் என்று காட்டுகின்றன. மடலேறுவேன் என்றலும் அதுவேயன்றோ?" என்றனர். புறக்கணிக்கத்தக்க வினா அன்று இது.

மடலேறுதலாவது, தலைவியின் உருவெழுதிய கிழியைக் கையிலேந்திப் பனைமடற் குதிரைமேல் ஊரறிய வெளிப்படுதல். கலித்தொகை நெய்தற்கலியில் ஒருவன் இவ்வாறே தலைவியைப் பெற்றான். ஆயின், அவள் தமர் கொடுத்தமைக்கு ஆண்டுக் காட்டப்பட்ட உவமை யாது? பாண்டியனுக்குப் பகைவர் செலுத்துந் திறை. தோற்றார் அஞ்சி ஈயும் பொருளை அன்பின் பயன் என்பார் யார்? தொல்காப்பியரும் ஏறிய மடற்றிறத்தைப் பெருந்திணையுள் ஒதுக்கி, அன்பின் ஐந்திணையில் ஏறுவேன் என்னுஞ் சொல்லளவிற்கே இடந்தந்தார்.

இனித் திருக்கோவையாரை நோக்குவாம். இயற்கைப்புணர்ச்சியில் இருவர் உள்ளமும் ஒன்றிய பின்னரே மடற்றிறம் வருகின்றது. ஆகலின், தலைவன் இரப்பது இல்லாத அன்பை உண்டாக்கற்கன்று. தோழியின் துணை பெறற்கேயாம். அப்பகுதியின் 9 பாடல்களுள் யாண்டும் அவன் மடலேறினானல்லன். பனையிற் பறவைக் கூடும் முட்டையும் உளவாகலின், அருளுடைய நுமக்கு மடல் கொள்ளுதல் அரிது என்று தோழி விலக்குகின்றாள். எம்மூர்ப் பக்கத்துப் பனைகளில் தூக்கணங்குருவிக் கூடு அசையக் கண்டார்க்கு இதன் நயம் எளிதின் விளங்கும். அச்சுறுத்த வந்தானை அவள் அருளை நினைப்பித்து மீட்கின்றாள். மேலும், அவள் மொழியையும் நடையையும் கிழியில் எழுதல் ஆகுமோ என்றும் வினவுகின்றாள்.

குறைநயப்பிலே தோழி வன்மொழியாற் கூறுதலும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மாணாக்கரின் ஐயத்திற்கு ஆண்டுச் சிறிது இடமுண்டு. எனினும், அப்பகுதி முடிவது 'மனத்தொடு நேர்தல்' என்னுந் துறையில். தமர் கொடுத்தல் அன்று, அவள் மனம் நேர்தலே ஆண்டு வேண்டப்படுவது.

அதன் பின்னர்ச் சேட்படையின் 26 பாடல்கள் வருகின்றன. சந்தனத்தழை தகாது என்றும், இத்தழை எம் நிலத்தில் இல்லை என்றும், அவள் நாணுவள் என்றும் தோழி பலவாறு மறுக்கின்றாள். மறுத்தும் வருதல் தொல்லையன்றோ எனின், அற்றன்று. தலைவி மனம் முன்னரே நேர்ந்தது. மறுப்பு, அவன் உறுதியைத் தோழி அளந்தறிதற்கு. அம்மனம் நேராவிடத்து அதே வருகை கைக்கிளையாம். அச்சுறுத்தலும் உடன்சேரின் பெருந்திணையாம்.

ஆகலின், மாணாக்கர்க்கு யாம் இறுத்த விடை இது: விடாது தொடர்தலைக் காதல் என்பார் நம் அகநூல்களைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது. அவர் செயலுக்கு அந்நூல்கள் வேறு பெயர் இட்டுள்ளன.