அந்தியும் பின்னிலமும்: ஒரு வேல்சியத் துப்பறியும் நாடகம்

2013 ஒக்டோபரில் வேல்சிய மொழி அலைவரிசையான எஸ்.ஃபோர்.சி.யில் ‘அ க்வில்’ என்ற பெயரில் வெளியான துப்பறியும் தொடர், 2014 ஜனவரியில் பி.பி.சி.யின் வேல்ஸ் ஒளிபரப்பில் ‘ஹின்டர்லாண்ட்’ என்ற பெயருடன் வந்தது. முன்னதன் பொருள் அந்தி. பின்னதன் பொருள் ஒரு மையத்துக்குப் பின்னே கிடக்கும் நிலம். அந்தி அங்கு வாழ்வோர் காணும் பொழுது. பின்னிலம் என்பதோ வெளியே நிற்பவன் இடும் பெயர். தொடர் பற்றிய விமரிசனம் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இஃது பின்னணிக் குரல் சேர்த்து மொழிமாற்றப்பட்ட படைப்பன்று. ரிச்சர்ட் ஹாரிங்டன், மாலி ஹாரிஸ் முதலிய நடிகர் காட்சிகளை இரு மொழிகளிலும் தனித்தனியே நடித்தனர். வேல்சியப் பதிப்பில் விசாரணையும் அதிகாரமும் துயரும் வசையும் அம்மொழியிலேயே நிகழ்கின்றன. ஆங்கிலப் பதிப்பிலோ அது இடையிடையே, திரையடி வரிகளின் துணையுடன் தலைகாட்டுகின்றது. ஒரு சமூகத்தின் முழுமையான மொழி, மூடுபனியும் கற்சுவரும் போல் நிலக்காட்சியின் ஓர் அம்சமாகக் குறுகிவிடுகின்றது. இதனைத் தயாரிப்பாளரின் குறையென மட்டும் கூறுதல் நேர்மையன்று. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வேல்சிய மொழி பேசுவோர் வேல்ஸ் மக்களுள் 17.8 வீதத்தினரே. அச்சிறு சந்தையை மட்டும் நம்பி இத்தகைய பெருஞ்செலவுத் தொடரை ஆக்குதல் அரிது.

எஸ்.ஃபோர்.சி.யே போராட்டத்தின் பேறு. வாக்களித்த அலைவரிசையை அரசு கைவிட முனைந்தபோது, சாகும்வரை உண்ணாவிரதமிருப்பதாக 1980இல் அறிவித்தார் க்வின்வோர் எவன்ஸ். அரசு பணிந்தது, 1982 நவெம்பரில் ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. கதை நிகழும் அபெரிஸ்ட்வித் நகரிலேதான் 1963இல் மொழியுரிமை இளைஞர் பாலமொன்றை மறித்து அமர்ந்தனர். 1872 முதல் உயர்கல்வி நிலையங்கொண்ட நகரும் அதுவே. திரையில் இவ்வரலாற்றின் சுவடு அரிது. காற்றும் மௌனமுமே மிகுதி.

எனினும் பொன்தர்வனாக் சிறுவர் இல்லம் பற்றிய கதையிழை தனித்து மதிக்கத்தக்கது. முதற்கதை, அவ்வில்லத்தை முன்னர் நடத்திய முதியவளின் கொலையை ஆராய்கின்றது. வழமையான துப்பறியும் கதையில் கொலையாளி அகப்பட்டதும் ஒழுங்கு மீளும். இங்கோ அவ்வில்லத்துச் சிறுவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை இறுதியான மூன்றாந் தொகுதிவரை தொடர்கின்றது. அதனை மூடிமறைத்ததில் பொலிஸ் மேலதிகாரிகளே சம்பந்தப்பட்டிருந்தமை வெளிப்படுகின்றது. குற்றத்தின் வேர் தனிமனித மனவிகாரத்திலன்றி நிறுவனத்தில் தேடப்படுகின்றது. தொடரின் வேறு சில கதைகளில் இத்தெளிவு இல்லை. ஆங்கு குடும்ப இரகசியமும் பழம்பகையுமே போதிய காரணங்களாகக் கொள்ளப்பட்டுள்ளன.