பழைய ஐ5-இல் யூடியூப் பார்ப்பது எப்படி

கோரிமேட்டில் தங்கி ஜிப்மரில் நர்சிங் படிக்கும் அக்கா மகளுக்காக ஒரு டெஸ்க்டாப் சேர்த்துக் கொடுத்தேன். 2013-இல் வந்த இன்டெல் ஐ5-4570, எச்81 போர்டு, எட்டு ஜிபி டிடிஆர்3 ரேம். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் புதுசு. அந்த இரண்டில் பழசு வாங்கவே கூடாது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையைச் சேர்த்துக்கொள்வதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டேன். அசைன்மென்ட் அடிக்க, பிடிஎஃப் படிக்க ஒரு குறையும் இல்லை.

தொல்லை யூடியூபில்தான். அவள் அனாடமி வகுப்பைத் திறந்ததும் சிபியு ஃபேன் இரையத் தொடங்கும். தூசி ஊதி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவியும் சத்தம் அடங்கவில்லை. முழுத்திரையில் ஓடவிட்டால் நாலு கோரும் மூச்சு வாங்கும்.

கோளாறு மெஷினில் இல்லை, வந்து சேரும் வீடியோவில். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 கோடெக்கில் அனுப்புகிறது. இந்த ஐ5-க்குள் இருக்கும் எச்டி 4600 கிராபிக்ஸுக்கு எச்.264 தெரியும், விபி9 தெரியாது. ஆகவே மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வீடியோ திணறுகிறது என்று கடையில் போய் நின்றால் ஜிடி 710 கார்டைத் தலையில் கட்டுகிறார்கள். அந்தக் கார்டுக்கும் விபி9 தெரியாது! ஜிடி 1030-க்குத் தெரியும், ஆனால் அந்தப் பணத்துக்கு இன்னும் புதிய மெஷினே தேடலாம். மாணவர்களிடம் உதவாத பொருளை விற்காதீர்கள்.

செலவில்லாத வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் எச்.264-ஐயே அனுப்பும். லினக்ஸில் ஐ965 டிரைவரும் இருக்க வேண்டும். போட்ட அன்றே ஃபேன் அமைதியானது. 1080பி-க்கு மேல் கிடைக்காது. அவளுடைய மானிட்டருக்கு அதுவே தாராளம். இன்றும் இவ்வளவு வேலை பார்க்கும் ஒரு பிராசஸரைப் பழைய இரும்புக்குப் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள், விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை என்றால் ஏழாம் தலைமுறை ஐ5-7500 கேளுங்கள். விபி9-ஐ அதுவே பார்த்துக்கொள்ளும். ஏவி1 மட்டும் அதற்குத் தெரியாது.