சொல்லா, பேச்சா? ஸ்பானிய மொழி கற்பித்தலில் இரு விளையாட்டுகள்

விளையாட்டுவழிக் கற்பித்தல் என்பது சொற்களை எளிதில் மனத்திலிருத்தும் உத்தி என்ற அளவிலேயே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டு ஸ்பானிய வகுப்புகளில் இடம்பெற்ற இரு விளையாட்டுகள் இவ்வெண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன.

முதலாவது, மெக்சிகோவின் லொத்தெரீயா. இது 54 படச்சீட்டுகளைக் கொண்டது. ஆடுவோர் ஒவ்வொருவரிடமும் 16 படங்கள் உள்ள ஓர் அட்டை இருக்கும். அழைப்பவர் சீட்டை எடுத்துக் கூற, ஆடுவோர் தம் அட்டையில் அப்படத்தின்மேல் பயற்று விதையை வைப்பர். இன்று பரவலாக வழங்கும் படங்கள் கிளெமெந்தே ஜாக் நிறுவனம் 1887இல் வெளியிடத் தொடங்கிய பதிப்பின் வழிவந்தவை. மரபான ஆட்டத்தில் அழைப்பவர் படத்தின் பெயரை நேரே கூறிவிடுவதில்லை. விடுகதையாகவோ, எதுகை அமைந்த ஈரடியாகவோ, ஊர்ச்செய்தியைக் கலந்த நையாண்டியாகவோ கூறுவார். ஆட்டத்தின் மொழி வளம் முழுவதும் அவருடைய நாவில்தான் உள்ளது. வகுப்பறைக்கு வரும்போதோ ஆசிரியர் ‘எல் கயோ’ என்கிறார். மாணவர் சேவலை மறைக்கின்றனர். ஒரு வாக்கியமும் பேசாமலேயே ஒருவர் வென்றுவிடலாம்! இதனைப் பண்பாட்டுக் கல்வி எனக் கொள்வது மிகை. அழைப்பவராக மாணவரையே அமர்த்திப் பெயரைச் சொல்லாது உணர்த்தச் செய்தால் நிலைமை மாறும்.

சீட்டுகளிலுள்ள ‘எல் நெக்ரீத்தோ’, ‘எல் அப்பாச்சே’ போன்ற இனவழிச் சித்திரிப்புகளையும் வாய்மூடிக் கடந்துவிட இயலாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாழும் மைக் அல்ஃபாரோ 2018இல் வெளியிட்ட ‘மில்லெனியல் லொத்தெரீயா’ இவ்விடத்தில் கருதத்தக்கது. அதில் ‘லா தாமா’ என்னும் சீமாட்டி ‘லா ஃபெமினிஸ்ட்’ ஆகிறாள். ஸ்பானியச் சுட்டிடைச்சொல்லோடு ஆங்கிலப் பெயர் இணையும் இவ்வழக்கைப் பாடநூல் பிழை என்னும். நகர்ப்புற லத்தீனோ இளையரின் இயல்பான பேச்சோ அதனை ஒத்தது.

இரண்டாவது, ‘மெந்தீரா’. ‘பொய்’ எனப் பொருள்படும் இக்கைப்பேசி விளையாட்டை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ஜூலி சைக்ஸ், கிறிஸ் ஹோல்டன் ஆகியோர் 2009இல் உருவாக்கத் தொடங்கினர். அல்புகர்க்கி நகரத்துள் அடங்கிவிட்ட லோஸ் கிரியேகோஸ் என்னும் பழங்குடியிருப்பே இதன் களம். மதுவிலக்குக் காலக் கொலையொன்றில் தம் குடும்பத்தின்மீது விழுந்த பழியைத் துடைக்க மாணவர் துப்புத் துலக்குகின்றனர். அதன் ஒரு பகுதிக்கு அக்குடியிருப்புக்கே நேரில் செல்கின்றனர்.

எவரிடம் எவ்வாறு பேசுவது என்பதே இங்கு வெற்றியைத் தீர்மானிக்கிறது. முறையறிந்து வினவாதவருக்குத் துப்புக் கிட்டாது போகலாம். நீ, நீங்கள் எனும் வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இதன் அருமை விளங்கும். அட்டவணையாகப் பயின்ற ‘தூ’, ‘உஸ்தேத்’ என்பவை இவ்வகை ஆட்டத்தில்தான் விளைவுடைய சொற்களாகின்றன. அறிந்த துப்புகளை வகுப்பில் ஒருவரோடொருவர் பகிர்ந்தாலன்றிக் குற்றவாளி புலப்படுவதில்லை என்பதும் சிறந்த அமைப்பே.

எனினும், ஒரு குடியிருப்பின் வாயில் கொலைக்கதையாகவே அமைய வேண்டுமா என்ற ஐயம் எழுகிறது. மாணவர் உரையாடுவதும் எழுதிவைக்கப்பட்ட திரைப்பாத்திரங்களோடுதான். பல தலைமுறைகளாக நியூ மெக்சிகோவில் வழங்கிவரும், பாடநூல் ஸ்பானியத்தினின்றும் வேறுபட்ட வட்டாரப் பேச்சை அத்தெருவில் வாழும் முதியோரிடம் கேட்பதற்கு ஆசிரியர் தனியே வழிசெய்தாக வேண்டும்.